பேஸ் கிட்டாருக்கு வால்வு ஆம்ப்: வால்வை எங்கே வைக்கிறது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு எபிசோடு பேஸ் கிட்டார் வாசிக்கிறவங்களுக்காக. வாசிக்காதவங்களும் கேட்கலாம். கடைசிப் பகுதியில மேடைக்கு வர்ற கரண்ட் பத்தி ஒரு விஷயம் இருக்கு, அது மைக் பிடிக்கிற எல்லாருக்கும் பொருந்தும்.

வாலாஜாபாத்ல இருந்து ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். எனக்கும் அதே ஊர்தான். அவருக்கு ஒரகடத்துல ஷிஃப்ட் வேலை, அப்பா பட்டு நெசவு. வாரக் கடைசியில ஒரு மெல்லிசைக் குழுவுல பேஸ் வாசிக்கிறார். "அண்ணா, சீட்டுக் கட்டி ஒன்றரை லட்சம் சேர்த்திருக்கேன். முழு வால்வு ஆம்ப் ஒண்ணு வாங்கணும், எதுவா இருந்தாலும் ஓகே. எது வாங்கலாம்?" இதுதான் அவர் கேட்டது.

தறி ஓடுற வீட்டுல ஒன்றரை லட்சம் எப்படிச் சேரும்னு எனக்குத் தெரியும். அதனால "இந்த மாடல் வாங்கு தம்பி"ன்னு ஒரு வரியில பதில் அனுப்ப மனசு வரலை. அவர் "எந்த ஆம்ப்"னு கேட்கிறார். அதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு: வால்வை எங்கே வைக்கிறது? ப்ரீ-ஆம்ப்லயா, பவர் ஆம்ப்லயா, ரெண்டுலயுமா, இல்ல லேப்டாப்புக்குள்ளயா? இதுக்கு விடை தெரிஞ்சா மாடல் தேடுறது சுலபம்.

வால்வு உள்ளே என்ன நடக்குது

அமெரிக்காக்காரங்க ட்யூப்னு சொல்றதைத்தான் நாம வால்வுன்னு சொல்றோம். தாத்தா காலத்து வால்வு ரேடியோ ஞாபகம் இருக்கிறவங்களைக் கேளுங்க. சுவிட்ச் போட்டதும் பேசாது, சூடாகுற வரைக்கும் காத்திருக்கணும். அந்தக் காத்திருப்புக்குக் காரணம் கேத்தோடு. காற்று இல்லாத கண்ணாடிக் குழாய்க்குள்ள கேத்தோடுங்கிற ஒரு உலோகத் துண்டைச் சூடாக்கினா, அதுல இருந்து எலக்ட்ரான்கள் கிளம்பும். எதிர்ப்பக்கம் ப்ளேட்டுங்கிற தகடு. அதுக்குப் பல நூறு வோல்ட் கொடுத்தா எலக்ட்ரான்களை இழுக்கும். நடுவுல கிரிட்னு ஒரு கம்பி வலை. உங்க கிட்டார் சிக்னல் அந்த வலைக்குப் போகுது. வலையில ஏற்படுற சின்ன மாற்றம், ப்ளேட்டுக்கு ஓடுற பெரிய ஓட்டத்தைக் கூட்டும் குறைக்கும். தண்ணிக் குழாயைத் திறந்து மூடுற மாதிரி. 1904-ல ஃபிளெமிங் செஞ்ச முதல் வால்வுல வலை கிடையாது. 1906-ல லீ டி ஃபாரஸ்ட் வலையைச் சேர்த்த பிறகுதான் சிக்னலைப் பெரிசாக்க முடிஞ்சது.

ஒரு ஆம்ப்ல இந்த வேலை ரெண்டு இடத்துல நடக்குது. முதல்ல ப்ரீ-ஆம்ப். கிட்டார்ல இருந்து வர்ற சின்ன சிக்னலை வளர்த்து, ட்ரெபிள், மிட், பேஸ் எல்லாம் சரிபண்ற இடம். இங்க இருக்கிறது விரல் அளவு சின்ன வால்வுகள். 12ஏ.எக்ஸ்7ங்கிற பேரை அடிக்கடி கேள்விப்படுவீங்க, அதோட ஐரோப்பியப் பேர் இ.சி.சி.83. ரெண்டாவது பவர் ஆம்ப். ஸ்பீக்கரைத் தள்ளுற இடம். இங்க 6எல்6, இ.எல்.34, 6550 மாதிரிப் பெரிய வால்வுகள்.

வால்வோட அழகு அது திணறும்போதுதான் தெரியும். டிரான்சிஸ்டர் ஆம்பை எல்லைக்கு மேல தள்ளினா, அலையோட தலையைக் கத்தியால வெட்டின மாதிரி தட்டையாக்கிடும்; காதுக்குக் கரகரன்னு உறுத்தும். வால்வு எல்லையை நெருங்கும்போதே மெதுவா வளைஞ்சு கொடுக்கும். அந்த வளைவு மூலச் சுரத்துக்கு மேல புதுசா சில சுரங்களைச் சேர்க்குது. அதைத்தான் ஹார்மோனிக்ஸ்னு சொல்றோம்.

பேஸுக்கு இது ஏன் முக்கியம்? நாலு கம்பி பேஸோட கீழ் 'ஈ' 41 ஹெர்ட்ஸ். உங்க போன் ஸ்பீக்கருக்கு 41 ஹெர்ட்ஸ் வாசிக்க வராது. ஆனா 82, 123, 164 ஹெர்ட்ஸ்னு அதோட மடங்குகள் இருந்தா, அவற்றை வச்சே மூளை அடிச் சுரத்தைத் தானா கணக்குப் போட்டுக்கும். பஸ்ல ஒரு சின்ன ஸ்பீக்கர்ல எண்பதுகளின் இளையராஜா பாட்டு ஓடும்போதும் பேஸ் என்ன வாசிக்குதுன்னு நம்மால முணுமுணுக்க முடியுது இல்லையா? அதுக்கு இந்த மடங்குகள்தான் பெரிய காரணம். வால்வோட லேசான திணறல் இந்த மடங்குகளைக் கூட்டிக் கொடுக்குது.

நம்ம ஊர்ப் பாஷையில சொன்னா, பேஸ் ஒரு கோர்வை. காஞ்சிப் பட்டுல உடலும் கரையும் வேற வேற நிறம். ரெண்டையும் பின்னிச் சேர்க்கிறதுதான் கோர்வை. அது சரியா விழலைன்னா எவ்வளவு ஜரிகை போட்டும் பிரயோஜனம் இல்ல. டிரம்ஸையும் பாட்டையும் சேர்க்கிற வேலை பேஸுக்கு. அந்த இணைப்பு கூட்டத்துக்குக் கேட்கணும், நாம தேடுறது அவ்வளவுதான்.

பேஸுக்கு ஏன் இவ்வளவு வாட்ஸ்

கிட்டார் வாசிக்கிற நண்பர் 30 வாட் வால்வு ஆம்ப் வச்சு டிரம்ஸுக்கு ஈடு கொடுப்பார். அதே 30 வாட்டை நம்பி பேஸ் வாசிச்சா டிரம்ஸ் உங்களை முழுங்கிடும். காரணம் நம்ம காது. 1933-ல பெல் ஆய்வகத்துல ஃபிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டினது இது: ஒரே சத்தமா தோணுறதுக்கு, தாழ்ந்த சுரங்களுக்கு நடுத்தரச் சுரங்களைவிட ரொம்ப அதிகச் சக்தி தேவை.

இன்னொரு கணக்கும் இருக்கு. வாட்ஸை இரட்டிப்பாக்கினா கிடைக்கிறது 3 டெசிபல்தான். சத்தம் ரெண்டு மடங்கு ஆன மாதிரி தோணுறதுக்குச் சுமார் 10 டெசிபல் வேணும், அதாவது 10 மடங்கு வாட்ஸ். 100 வாட்டுக்குப் பதிலா 300 வாட் வாங்கினா வித்தியாசம் 5 டெசிபலுக்கும் குறைவு. சர்வரை மூணு மடங்கு பெரிசாக்கியும் யூசர் "கொஞ்சம் வேகமா இருக்கு"ன்னு மட்டும் சொல்ற நிலைமை.

இதுல ஒரு நல்ல சேதியும் ஒளிஞ்சிருக்கு. 1 வாட் கொடுத்தா ஒரு கேபினட் எவ்வளவு சத்தம் போடுதுங்கிற அளவை சென்சிட்டிவிட்டின்னு குறிப்பிடுவாங்க. 97 டெசிபல் கேபினட்டை விட்டுட்டு 100 டெசிபல் கேபினட் எடுத்தா, உங்க ஆம்ப் இரட்டிப்பான மாதிரி. ஆம்புக்கு ஒதுக்கின பணத்துல ஒரு பங்கை நல்ல கேபினட்டுக்குத் திருப்புறது எப்பவும் லாபம்.

இரும்பின் கணக்கு

வால்வு ஆம்ப் ஏன் கனமா இருக்கு? வால்வு வெறும் கண்ணாடி, அது லேசு. எடை முழுக்க டிரான்ஸ்ஃபார்மர்ல. வால்வுல இருந்து வர்றது அதிக வோல்ட், குறைந்த கரண்ட். ஸ்பீக்கர் கேட்கிறது குறைந்த வோல்ட், அதிக கரண்ட். நடுவுல ஒரு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் நின்னு மாத்திக் கொடுக்குது.

டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒரு விதி உண்டு. அதே வோல்டேஜுக்கு அதிர்வெண் பாதியானா, இரும்புல ஓடுற காந்தப் பாய்வு இரட்டிப்பாகும். இரும்பு தாங்கலைன்னா சவுண்டு நசுங்கிடும். கிட்டாரோட கீழ் 'ஈ' 82 ஹெர்ட்ஸ், பேஸோட கீழ் 'ஈ' 41. சரியா பாதி. அஞ்சு கம்பி பேஸோட கீழ் 'பி' இன்னும் கீழே, 31. அதனால பேஸுக்கான வால்வு ஆம்ப்ல இரும்பைக் கூட்டியே ஆகணும். மலிவான, எடை குறைஞ்ச முழு வால்வு பேஸ் ஆம்ப்னு யாராவது சொன்னா, முதல்ல டிரான்ஸ்ஃபார்மரைப் பாருங்க.

இதே விதிதான் இன்னைக்கு வர்ற 2 கிலோ ஆம்புக்கும் காரணம். கிளாஸ்-டின்னு சொல்ற ஆம்புகள்ல பவர் சப்ளை கரண்டை ஒரு விநாடிக்கு லட்சம் தடவை மாதிரி ஆன்-ஆஃப் பண்ணுது. அதிர்வெண் ஏறினா இரும்பு குறையும். உங்க போன் சார்ஜர் கைக்குள்ள அடங்குறதும் இதனாலதான்.

மூணு பெட்டிகள்

இதை வரலாறு எப்படிச் சொல்லுதுன்னு பார்ப்போம். லியோ ஃபெண்டர் 1951-ல ப்ரிசிஷன் பேஸைக் கொண்டு வந்தார். அதுக்குத் துணையா 1952-ல ஃபெண்டர் பேஸ்மேன் ஆம்ப் வந்தது. 26 வாட், ஒரு 15 இன்ச் ஸ்பீக்கர். ஐம்பதுகளின் கடைசியில நாலு 10 இன்ச் ஸ்பீக்கரோட வந்த பேஸ்மேனை கிட்டார்க்காரங்க பிடிச்சுக்கிட்டாங்க. சத்தம் ஏத்தினா அது திணறின விதம் கிட்டாருக்கு அருமையா இருந்தது. லண்டன்ல ஜிம் மார்ஷலோட கடையில 1962-ல உருவான முதல் மார்ஷல் ஆம்ப் அந்தச் சர்க்யூட்டைப் பார்த்துச் செஞ்சதுதான். பேஸுக்காகப் பிறந்த பெட்டி கிட்டாருக்குப் போயிடுச்சு.

ரெண்டாவது, 1960-ல வந்த ஆம்பெக் பி-15. 25 வாட், ஒரு 15 இன்ச் ஸ்பீக்கர். வேலை முடிஞ்சதும் ஆம்பைத் தலைகீழா கவிழ்த்துப் பெட்டிக்குள்ளயே மூடிடலாம். ஸ்டுடியோக்களுக்கும் சின்ன கிளப்புகளுக்கும் ரொம்பப் பிடிச்ச பெட்டி. டெட்ராய்ட்ல மோடவுன் பாடல்களுக்கு வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சன் கிளப்புகள்ல பி-15 வச்சிருந்தார். ஆனா ஸ்டுடியோவுல அவர் பேஸ் பெரும்பாலும் ஆம்ப் வழியா போகாம நேரா மிக்ஸிங் கன்சோலுக்குத்தான் போச்சு. இந்தத் தகவலை ஞாபகம் வச்சுக்கோங்க, மறுபடி தேவைப்படும்.

மூணாவது, 1969-ல வந்த ஆம்பெக் எஸ்.வி.டி. 300 வாட், மொத்தம் 14 வால்வு, அதுல ஆறு பவர் வால்வு. ரோலிங் ஸ்டோன்ஸ் அந்த வருஷ அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு இதோட முதல் மாதிரிகளை எடுத்துட்டுப் போனாங்க. எட்டு 10 இன்ச் ஸ்பீக்கர் உள்ள அதோட கேபினட்டுக்கு ஃப்ரிட்ஜ்னே செல்லப்பேர். இன்னைக்கு விக்கிற எஸ்.வி.டி. கிளாசிக்ல ஹெட் மட்டும் 36 கிலோ, அந்த எட்டு ஸ்பீக்கர் கேபினட் 60 கிலோவுக்கு மேல. மேடையில மைக் செட் பேஸைத் தூக்கிக் கொடுக்க முடியாத காலத்துல, பெரிய அரங்கை நிரப்பப் பிறந்த இயந்திரம் அது.

கூட்டத்துக்குப் போறது எந்தச் சவுண்டு?

இப்ப நம்ம ஊர் மேடைக்கு வருவோம். ஆடி மாசம், அம்மன் கோயில் கூழ் வார்க்கிற நாள், ராத்திரி மெல்லிசை. மைக் செட்காரர் ரெண்டு பக்கமும் ஸ்பீக்கரை அடுக்கி வச்சிருப்பார். உங்க பேஸ்ல இருந்து ஒரு ஒயர் டி.ஐ. பாக்ஸ் வழியாவோ, ஆம்ப் பின்னாடி இருக்கிற டி.ஐ. அவுட் வழியாவோ அவர் மிக்ஸருக்குப் போகும். கூட்டம் கேட்கிறது அவரோட ஸ்பீக்கரை. உங்க பின்னாடி நிக்கிற ஆம்ப் உங்களுக்கும் டிரம்ஸ்காரருக்கும் மட்டும்தான்.

பெரும்பாலான பேஸ் ஹெட்டுகள்ல டி.ஐ. அவுட் ப்ரீ-ஆம்ப்ல இருந்துதான் எடுக்கப்படுது. சில மாடல்கள்ல ப்ரீ-ஈக்யூ, போஸ்ட்-ஈக்யூன்னு சுவிட்ச் இருக்கும். ரெண்டுமே பவர் வால்வுக்கு முன்னாடிதான். அப்படின்னா என்ன அர்த்தம்? நீங்க லட்சம் கொடுத்து, 36 கிலோ தூக்கிட்டு வந்த அந்த ஆறு பவர் வால்வும், பெரிய டிரான்ஸ்ஃபார்மரும் செய்ற எதுவும் கூட்டத்தோட காதுக்குப் போய்ச் சேரலை. ப்ரீ-ஆம்ப்ல இருக்கிற ஒண்ணு ரெண்டு சின்ன வால்வோட வேலைதான் போகுது.

பவர் வால்வோட சவுண்டு வெளியே போகணும்னா கேபினட் முன்னாடி மைக் வைக்கணும். மைக் செட்காரர்கிட்ட அதுக்கு உபரியா மைக், நேரம், பொறுமை மூணும் இருக்கணும். டிரம்ஸும் தவிலும் பக்கத்துல இருக்கிற மேடையில அந்த மைக்குக்குள்ள எல்லாம் கலந்து வரும்.

அதனால தம்பிக்கு என் பதில்: கோயில் மேடைதான் உங்க முதல் இடம்னா, முழு வால்வு ஆம்ப் வேண்டாம். வால்வை ப்ரீ-ஆம்ப்ல வைங்க. உங்க காசு கூட்டத்துக்குக் கேட்கிற இடத்துல செலவாகும்.

நாலு வழி

முதல் வழி, முழு வால்வு. 300 வாட் எஸ்.வி.டி., 200 வாட் ஆரஞ்ச் ஏ.டி.200, 100 வாட் ஆம்பெக் வி-4பி மாதிரி. யாருக்குச் சரி? சத்தமான ராக் பேண்டுல, பேஸ் மைக் செட்டுக்குப் போகாத சின்ன ஹால்ல வாசிக்கிறவங்களுக்கு. கேபினட்டுக்கு மைக் வச்சுப் பதிவு பண்ற ஸ்டுடியோவுக்கு. சொந்த வண்டியும், தூக்க ஆளும், சர்வீஸ் பண்ணத் தெரிஞ்ச மெக்கானிக்கும் இருக்கணும்.

ரெண்டாவது, கலப்பு. ப்ரீ-ஆம்ப்ல வால்வு, பவர் ஆம்ப்ல டிரான்சிஸ்டர். ஆம்பெக் எஸ்.வி.டி.-3 ப்ரோ, அகிலார் டி.பி.751 ரெண்டும் இந்த வகைக்குப் பேர் போனவை. வால்வோட ஹார்மோனிக்ஸ் டி.ஐ. வழியா வெளியே போகும். எடை முழு வால்வைவிடக் குறைவு. செகண்ட் ஹேண்ட்ல கிடைச்சா நல்ல பேரம். ஒரு எச்சரிக்கை: சில மலிவான பெட்டிகள்ல வால்வுக்குச் சில பத்து வோல்ட் மட்டும் கொடுத்துட்டு, பின்னாடி ஒரு ஆரஞ்சு எல்.இ.டி. பொருத்தி ஜொலிக்க வைப்பாங்க. ஜன்னல் வழியா தெரியுற வெளிச்சத்தை நம்பாதீங்க. வாசிச்சுப் பார்த்து, கெயினை ஏத்தும்போது சவுண்டு வளையுதா, வெட்டுதான்னு காதால முடிவு பண்ணுங்க.

மூணாவது, வால்வு ப்ரீ-ஆம்ப் பெடல் அல்லது நல்ல ஓவர்டிரைவ் டி.ஐ., அதோட ஒரு 2, 3 கிலோ கிளாஸ்-டி ஹெட், ஒரு நல்ல கேபினட். ஹெட்டும் பெடலும் முதுகுப் பையில அடங்கும். செங்கல்பட்டு–அரக்கோணம் ரயில்ல வாலாஜாபாத்ல ஏறி, பேஸை ஒரு தோள்ல, இதை ஒரு தோள்ல மாட்டிட்டுப் போயிடலாம். 36 கிலோ பெட்டியை வச்சுட்டு ஷேர் ஆட்டோவுல கேட்டுப் பாருங்க, என்ன சொல்றாங்கன்னு. தம்பிக்கு நான் சொல்றது இந்த மூணாவது வழி. ஒன்றரை லட்சம் முழுக்கச் செலவாகாது. மிச்சத்தை அப்பா கையில கொடுக்கலாம், இல்ல அடுத்த சீட்டுக்கு முதல் தவணை.

நாலாவது, சாஃப்ட்வேர். வீட்டுல பதிவு பண்றவங்களுக்கு. ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், லேப்டாப், ஒரு ஆம்ப் சிமுலேட்டர். நியூரல் ஆம்ப் மாடலர்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் திட்டம் இருக்கு. உண்மையான ஆம்புக்குள்ள ஒரு சிக்னலை அனுப்பி, வெளியே வர்றதைப் பதிவு பண்ணி, அந்த உறவை ஒரு நியூரல் நெட்வொர்க்கைக் கத்துக்க வைக்குது. நானும் கோடு எழுதிப் பிழைக்கிறவன்ங்கிறதால சொல்றேன், இது ஏமாத்து வேலை இல்ல. ஹெட்ஃபோன்ல கேட்டு வித்தியாசம் கண்டுபிடிக்கிறது ரொம்பக் கஷ்டம். இதுல கவனிக்க வேண்டியது லேட்டன்சி. கம்பியைத் தட்டினதுக்கும் காதுல விழுறதுக்கும் நடுவுல இடைவெளி அதிகமானா தாளம் தடுமாறும்.

நேரா கன்சோலுக்குப் போன ஜேமர்சனை இப்ப ஞாபகப்படுத்திக்கோங்க. அவர் வாசிச்ச பேஸை அறுபது வருஷமா உலகம் கேட்டுக்கிட்டிருக்கு. ஆம்ப் இல்லைன்னா சவுண்டு இல்லைங்கிற பயம் தேவையில்ல.

நம்ம ஊர் வீடு, நம்ம ஊர் கரண்ட்

இவ்வளவுக்குப் பிறகும் முழு வால்வுதான் வேணும்னா, அந்த ஆசையை நான் மதிக்கிறேன். ஆனா ஊர் நிலவரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க.

வீடு. நெசவாளர் தெருவுல வீட்டுக்கு வீடு சுவர் பொது. 41 ஹெர்ட்ஸ் அலையோட நீளம் 8 மீட்டருக்கும் மேல. ஒரு செங்கல் சுவர் அதை நிறுத்தாது. வால்வு ஆம்ப் அழகா திணறணும்னா சத்தத்தை ஏத்தணும். ஷிஃப்ட் முடிஞ்சு ராத்திரி 11 மணிக்கு அது நடக்காது. இரைச்சல் விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை கட்டுப்பாடு வேற இருக்கு. விதியை விடுங்க, விடியற்காலையில தறியில உட்காரப்போற பக்கத்து வீட்டுக்காரர் தூங்கணும்.

வோல்டேஜ். வால்வோட ஹீட்டருக்கு 6.3 வோல்ட் தேவை. அது டிரான்ஸ்ஃபார்மர் வழியா ஈ.பி. கரண்ட்ல இருந்து வருது. 230 வரவேண்டிய இடத்துல சாயங்காலம் 190 வந்தா, ஹீட்டருக்கு 5.2 வோல்ட்தான் கிடைக்கும். கேத்தோடு சரியா சூடாகாது, சவுண்டு சோர்ந்து போகும். ஒரு நல்ல ஸ்டெபிலைசர் பட்ஜெட்ல இருக்கணும்.

வெளிநாட்டுப் பழைய ஆம்ப். அமெரிக்காவுல இருந்து உறவினர் கொண்டு வர்றார்னா, அது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செஞ்சது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாத்தாது. நம்ம 50 ஹெர்ட்ஸ்ல, முன்னாடி சொன்ன அதே இரும்பு விதிப்படி, காந்தப் பாய்வு 20 சதவீதம் கூடும். 50 ஹெர்ட்ஸுக்கும் பொருந்தும்னு பின்பக்கத் தகட்டுல எழுதியிருக்கான்னு பார்த்துட்டு வாங்குங்க.

சூடு. ஒரு 6550 வால்வோட ஹீட்டருக்கு மட்டும் 10 வாட். ஆறு வால்வுக்கு 60 வாட், நீங்க ஒரு சுரம்கூட வாசிக்கிறதுக்கு முன்னாடியே. மே மாசத்துல ஓட்டு வீட்டுக்குள்ள அது அடுப்பு.

மாத்து வால்வு. ஒரு காலத்துல பெங்களூர்ல பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமே ரேடியோ வால்வுகள் தயாரிச்சது. இன்னைக்குப் புது வால்வு பெரும்பாலும் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனாவுல இருந்து வரணும். 2022 மார்ச்ல ரஷ்ய ஏற்றுமதி தடைபட்டப்போ உலகம் முழுக்க விலை ஏறிச்சு. ப்ரீ-ஆம்ப் வால்வு பல வருஷம் ஓடும், சாக்கெட்ல இருந்து எடுத்து நீங்களே மாத்தலாம். பவர் வால்வு தேய்மானப் பொருள். மாத்தும்போது ஒரே மாதிரி அளந்து சேர்த்த செட்டா வாங்கி, பெரும்பாலான ஆம்புகள்ல பயாஸும் சரிபண்ணணும். ஆறு பவர் வால்வு உள்ள ஆம்ப்னா ஆறையும் சேர்த்துதான் செலவு.

வாங்கும்போது என்ன பார்க்கணும்

உங்க பேஸையே கடைக்கு எடுத்துட்டுப் போங்க. தனியா வாசிக்கும்போது அட்டகாசமா இருக்கிற சவுண்டு குழுவுல காணாமப் போகும். அதனால போன்ல ஒரு டிரம்ஸ் டிராக்கை ஓட்டி, அதோட வாசிங்க. கீழ் 'ஈ' கம்பியை ஓங்கித் தட்டி, சுரம் முழுசா நிக்குதா, சுருங்குதான்னு கேளுங்க. செகண்ட் ஹேண்டா இருந்தா, ஆம்ப் ஓடும்போது ஒரு பென்சிலால ப்ரீ-ஆம்ப் வால்வை மெதுவா தட்டுங்க. ஸ்பீக்கர்ல டங்குன்னு மணி மாதிரி கேட்டா அந்த வால்வு போகப்போகுது. விலையைக் குறைக்கக் கேட்கலாம்.

வால்வு பவர் ஆம்ப் இருந்தா ஒரு கட்டளை: ஸ்பீக்கர் மாட்டாம வாசிக்கவே கூடாது. போக இடமில்லாத சக்தி அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையே சுட்டுடும். ஓம் கணக்கும் பொருந்தணும். 8 ஓம் கேபினட் ஒண்ணுன்னா 8 ஓம் செட்டிங், 8 ஓம் கேபினட் ரெண்டு இணைச்சா 4 ஓம் செட்டிங். ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் ஒயர்தான். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் கிட்டார் ஒயரை அங்க மாட்டாதீங்க. வாசிச்சு முடிச்ச உடனே வண்டியில ஏத்தாதீங்க, சூடான வால்வு குலுங்கினா கெட்டுடும். ஆஃப் பண்ணின பிறகும் உள்ளே இருக்கிற கப்பாசிட்டர்ல பல நூறு வோல்ட் தங்கியிருக்கும். யூடியூப் பார்த்துத் திறக்கிற வேலை வேண்டாம்.

எர்த்: இதை மட்டும் தவறவிடாதீங்க

1972 மே மாசம், வேல்ஸ் நாட்டுல ஸ்வான்சீ ஊர்ல, ஸ்டோன் தி க்ரோஸ் குழுவோட கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி மேடையில சரியா எர்த் ஆகாத மைக்கைத் தொட்டார். கையில கிட்டார் கம்பி. ஷாக் அடிச்சு இறந்துட்டார். வயசு 27.

இது எப்படி நடக்குது? உங்க கை கம்பி மேல. கம்பி ஆம்போட எர்த்துல இணைஞ்சிருக்கு. உதடு மைக் மேல. மைக், மைக் செட்டோட எர்த்துல. ரெண்டு எர்த்தும் ஒண்ணா இருந்தா பிரச்சினை இல்ல. ஒரு பக்கம் எர்த் இல்லைன்னா, ரெண்டுக்கும் நடுவுல பாலம் நீங்கதான். இது வால்வு ஆம்புக்கு மட்டும் இல்ல, எல்லா ஆம்புக்கும் உண்டு. மூணு பின் ஒயர் வராத பழைய வால்வு ஆம்புகள்ல ஆபத்து இன்னும் அதிகம்.

திருவிழா மேடையை நினைச்சுப் பாருங்க. ஒரு பக்கம் ஜெனரேட்டர், ஒரு பக்கம் ஈ.பி. லைன், நடுவுல ப்ளக் இல்லாம ஒயரைச் சொருகித் தீக்குச்சி வச்சு இறுக்கின சாக்கெட். ஆம்ப்ல 'ம்ம்ம்'னு ஹம் கேட்டா யாராவது ஒருத்தர் வந்து "எர்த் பின்னைக் கழட்டிடு தம்பி, ஹம் போயிடும்"பார். ஹம் போகும்தான். உங்களைக் காப்பாத்துறதும் சேர்ந்து போகும். அதுக்குப் பதிலா டி.ஐ. பாக்ஸ்ல இருக்கிற கிரவுண்டு லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்க. அது சிக்னல் ஒயரோட இணைப்பை மட்டும் விடுவிக்கும், கரண்டோட எர்த்தைத் தொடாது.

மேடைக்குப் போகும்போது பையில மூணு பொருள் இருக்கட்டும்: ஒழுங்கான மூணு பின் எக்ஸ்டென்ஷன், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வச்ச ஒரு பெட்டி, ஒரு சாதாரண மல்டிமீட்டர். மூணையும் எலெக்ட்ரிக்கல் கடையில சில ஆயிரங்களுக்குள்ள வாங்கிடலாம். வாசிக்கிறதுக்கு முன்னாடி மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்ல வச்சு, ஒரு முனையைக் கிட்டார் கம்பியிலயும் இன்னொண்ணை மைக்கோட வலையிலயும் வைங்க. பூஜ்யத்துக்குப் பக்கத்துல காட்டணும். பத்து, இருபதுன்னு ஏறினாலே மைக்கைத் தொடாதீங்க, மைக் செட்காரரைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபண்ணச் சொல்லுங்க. சரியாகலைன்னா அன்னைக்குப் பாடாதீங்க.

ஆம்ப் எதுன்னு முடிவு பண்ண ஒரு மாசம் எடுத்துக்கோங்க. இந்த மூணு பொருளை மட்டும் அடுத்த கச்சேரிக்கு முன்னாடி வாங்கிடுங்க. கேபினட் பத்தி நிறையப் பேர் கேட்டிருக்கீங்க. 10 இன்ச்சா, 12 இன்ச்சா, 15 இன்ச்சாங்கிறதை அடுத்த எபிசோட்ல பார்க்கலாம். வரட்டுமா மக்களே.